ஜெர்மனியில் நீண்ட காலம் தங்க விசா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனிக்குப் போகத் திட்டமிடுபவர்களும் போய்ச் சேர்ந்தவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். சம்பள வரம்புகள் 2026ஆம் ஆண்டுக்கானவை. ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் அவை மாறும். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது: எந்த அனுமதியில் உள்ளே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே பின்னால் வேலை மாறுவது, குடும்பத்தை அழைப்பது, பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வாங்குவது எல்லாம் அமையும். சீக்கிரம் கிடைக்கிறதே என்று ஒன்றை எடுப்பதற்கு முன், அதற்கு அடுத்த அனுமதி எது என்று பார்த்துவிடுங்கள்.

விசா, ரெசிடென்ஸ் பெர்மிட் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் டி வகை விசா உள்ளே நுழைவதற்கானது. அது சில மாதங்களுக்கு, அதிகபட்சம் ஒரு வருடத்துக்குத் தரப்படும். போய்ச் சேர்ந்த பிறகு, நீங்கள் குடியிருக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கும் பிளாஸ்டிக் அட்டைதான் ரெசிடென்ஸ் பெர்மிட். அங்குள்ளவர்கள் அந்த அலுவலகத்தை ஆஸ்லெண்டர்பெஹோர்டெ என்பார்கள். விசாவுக்குக் கட்டணம் 75 யூரோ, அட்டைக்குப் பொதுவாக 100 யூரோ.

ஒவ்வொரு அட்டையும் ஒரு நோக்கத்தோடு கட்டப்பட்டது: படிப்பு, வேலை, வேலை தேடல், குடும்பம். அட்டையிலோ அதனுடன் தரும் பச்சைத் தாளிலோ நிபந்தனைகள் அச்சிடப்பட்டிருக்கும். எந்த நிறுவனம், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும் என்பதால் அந்த வரிகளை ஒருமுறையாவது மொழிபெயர்த்துப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டூரிஸ்ட் விசால போயிட்டு, வேலை கிடைச்சதும் அங்கேயே மாத்திக்கலாமா?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்குப் பொதுவாக முடியாது. ஷெங்கன் விசா 180 நாளில் 90 நாள் தங்க மட்டுமே. வேலை கிடைத்தாலும் ஊருக்குத் திரும்பி டி விசாவுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். நேர்காணலுக்குப் போய் வர அந்த விசா உதவும். அங்கேயே தங்கிவிட உதவாது.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. அவர்கள் விசா இல்லாமல் 90 நாள் தங்கலாம் என்பது உண்மை. விசா இல்லாமல் போய், உள்ளேயிருந்தபடியே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் சலுகை அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், தென் கொரியா, இஸ்ரேல் பாஸ்போர்ட்டுகளுக்கு உண்டு. மலேசியாவும் சிங்கப்பூரும் அந்தப் பட்டியலில் இல்லை. வேலைக்குப் போவதானால் கிளம்பும் முன்பே டி விசா வாங்க வேண்டும்.

மொத்தம் எத்தனை வழி இருக்கு? எனக்கு எது சரி?

கையில் வேலை ஒப்பந்தமும் பட்டமும் இருந்தால் ப்ளூ கார்டு எனும், குறைந்தபட்சச் சம்பள வரம்புள்ள வேலை அனுமதி. சம்பளம் அதன் வரம்பைத் தொடாவிட்டால் தகுதிபெற்ற பணியாளர் அனுமதி. சட்டப் பிரிவு எண்ணால் இதை 18ஏ (தொழிற்பயிற்சி பெற்றவர்), 18பி (பட்டதாரி) என்று குறிப்பிடுவார்கள். வேலை இன்னும் கிடைக்காதவருக்கு சான்சன்கார்ட்டெ எனும் வாய்ப்பு அட்டை. மாணவர் அனுமதி, ஆவுஸ்பில்டுங் எனும் சம்பளத்துடன் கூடிய தொழிற்பயிற்சி, சுயதொழில், குடும்ப இணைப்பு ஆகியவை மற்றவை.

ஒருவருக்கு இரண்டு மூன்று வழிகள் பொருந்தும்போது ப்ளூ கார்டு கிடைக்குமானால் அதையே எடுங்கள். பி.ஆர். சீக்கிரம் கிடைப்பதும், ஊரில் அதிக நாள் தங்க முடிவதும், வேலை மாறுவது எளிதாக இருப்பதும் அதில்தான். நிறுவனத்தின் ஹெச்.ஆர். வழக்கம்போல 18பி போட்டுவிடும் சம்பவங்கள் உண்டு. தகுதி இருந்தால் விண்ணப்பத்தில் ப்ளூ கார்டு என்றே குறிப்பிடும்படி நீங்களே கேளுங்கள்.

என் பி.இ. டிகிரி அங்க செல்லுமா? எப்படித் தெரிஞ்சுக்கறது?

அனபின் என்ற ஜெர்மன் அரசின் இணையத் தரவுத்தளத்தில் இரண்டைத் தேட வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு 'ஹெச்+' (அங்கீகரிக்கப்பட்டது) மதிப்பீடு இருக்கிறதா என்பது ஒன்று. உங்கள் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு நிகர் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்பது மற்றொன்று. இரண்டும் இருந்தால் அந்தப் பக்கங்களை அச்செடுத்து விண்ணப்பத்தோடு வைத்தால் போதும். இணைப்புக் கல்லூரியில் படித்தவர்கள் கல்லூரியின் பெயரைத் தேடிவிட்டு இல்லையே என்று பதறுவார்கள். பட்டச் சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகம் கொடுத்ததோ அதைத் தேடுங்கள்.

இரண்டில் ஒன்று இல்லையென்றால், பான் நகரிலுள்ள இசட்.ஏ.பி. என்ற மையத்திடம் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். கட்டணம் 208 யூரோ. இதற்குச் சில வாரங்கள் போகும் என்பதால், வேலை உறுதியாகும் வரை காத்திராமல் முன்பே விண்ணப்பித்து வைப்பது நல்லது.

மருத்துவர், செவிலியர், மருந்தாளர், ஆசிரியர் போன்ற பணிகளுக்கு இந்த ஒப்பீடு மட்டும் போதாது. அவை உரிமம் தேவைப்படும் தொழில்கள். நீங்கள் வேலை செய்யப்போகும் மாநிலத்தின் அங்கீகாரம் வேண்டும். மொழித் தேர்ச்சி நிலைகள் ஏ1, ஏ2, பி1, பி2, சி1 என்று ஏறிக்கொண்டே போகும். செவிலியர்கள் பி1 ஜெர்மனோடு வந்து, குறைபாடு இருப்பதாகச் சொல்லப்படும் பாடங்களுக்குப் பயிற்சியோ தேர்வோ முடித்து, பொதுவாக பி2 நிலையில் முழு அங்கீகாரம் பெறுகிறார்கள்.

ப்ளூ கார்டுக்கு எவ்வளவு சம்பளம் வேணும்?

2026இல் வருடத்துக்கு, வரி பிடிப்பதற்கு முன், 50,700 யூரோ. ஐ.டி., பொறியியல், கணிதம், அறிவியல், மருத்துவம் உள்ளிட்ட பற்றாக்குறைத் தொழில்களுக்கும், பட்டம் பெற்று மூன்று வருடம் தாண்டாதவர்களுக்கும் 45,934.20 யூரோ. குறைந்த வரம்பில் விண்ணப்பித்தால் ஜெர்மன் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் ஒப்புதலும் தேவை. அதே ஊரில் அதே வேலைக்கு மற்றவர்களுக்குக் கிடைக்கும் ஊதியத்தைவிடக் குறைவாக உங்களுக்குத் தருகிறார்களா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

ஒப்பந்தத்தில் உறுதி செய்யப்பட்ட தொகைதான் கணக்கில் வரும். 13ஆம் மாதச் சம்பளம் உறுதி என்று எழுதியிருந்தால் சேரும். 'செயல்பாட்டைப் பொறுத்து போனஸ்' சேராது. 45,900 யூரோவுக்குக் கையெழுத்திட்டுவிட்டு 34 யூரோவால் வாய்ப்பை இழப்பதைவிட, ஒப்பந்தத்தைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்பது மேல். நிறுவனங்கள் பொதுவாகச் செய்து தருவார்கள். நவம்பர், டிசம்பரில் விண்ணப்பிப்பவர்கள் புத்தாண்டில் வரம்பு ஏறும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வேலையும் பட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. மெக்கானிக்கல் படித்தவர் ஐ.டி. வேலைக்குப் போகும்போது, பட்டத்தில் கற்றது அந்த வேலைக்கு எப்படிப் பயன்படுகிறது என்று நிறுவனம் ஒரு கடிதம் எழுதித் தந்தால் சிக்கல் குறையும். 18பி அனுமதிக்கு 2023 நவம்பரிலிருந்து இந்தப் பொருத்தம் தேவையில்லை. தகுதி கேட்கும் எந்த வேலையும் செய்யலாம். ஆனால் 45 வயது முடிந்தவர் முதல்முறையாக 18ஏ, 18பி வாங்கினால் 55,770 யூரோ சம்பளமோ போதிய ஓய்வூதிய ஏற்பாடோ காட்ட வேண்டும். ப்ளூ கார்டுக்கு இந்த வயது நிபந்தனை இல்லை.

டிகிரி முடிக்கல. ஆனா ஐ.டி.யில ஆறு வருஷம் வேலை பார்த்திருக்கேன். வழியே இல்லையா?

உண்டு. கடந்த ஏழு வருடங்களில் குறைந்தது மூன்று வருடம், பட்டதாரி செய்யும் தரத்திலான ஐ.டி. வேலை பார்த்திருந்தால் பட்டம் இல்லாமலே ப்ளூ கார்டு கிடைக்கும். சம்பளம் மேலே சொன்ன 45,934.20 யூரோ வரம்பு. ஜெர்மன் மொழிச் சான்று கேட்பதில்லை.

இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் அனுபவச் சான்றிதழால் தோற்கிறார்கள். நம் ஊர் நிறுவனங்கள் தரும் 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர்' என்ற இரண்டு வரிக் கடிதம் இங்கே எதையும் நிரூபிக்காது. என்ன மென்பொருள் எழுதினீர்கள், எந்தத் தொழில்நுட்பம், என்ன பொறுப்பு, எத்தனை பேரை வழிநடத்தினீர்கள் என்று பத்தி பத்தியாக எழுதிய கடிதம் ஒவ்வொரு நிறுவனத்திலிருந்தும் வேண்டும். கூடவே சம்பளச் சீட்டு, பி.எஃப். விவரம் வைத்தால் வலு கூடும்.

சான்சன்கார்ட்டெவுக்கு ஆறு பாயிண்ட் எப்படிக் கணக்குப் போடறது?

பாயிண்ட் எண்ணும் முன் இரண்டு அடிப்படைத் தகுதிகள்: உங்கள் நாட்டில் அரசு அங்கீகரித்த பட்டம் அல்லது குறைந்தது இரண்டு வருடத் தொழிற்பயிற்சி, ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2. இவை இல்லாமல் பாயிண்ட் எத்தனை இருந்தும் பயனில்லை.

பிறகு கணக்கு. வயது 35ஐத் தாண்டாதவருக்கு 2, 40ஐத் தாண்டாதவருக்கு 1. படிப்போடு தொடர்புள்ள வேலை அனுபவம் கடந்த ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் என்றால் 2. கடந்த ஏழில் ஐந்து என்றால் 3. ஜெர்மன் ஏ2 என்றால் 1, பி1 என்றால் 2, பி2 அல்லது மேல் 3. ஆங்கிலம் சி1 இருந்தால் கூடுதலாக 1. பற்றாக்குறைத் தொழிலுக்கு 1. கடந்த ஐந்து வருடத்தில் ஆறு மாதம் ஜெர்மனியில் சட்டப்படி தங்கியிருந்தால் 1. சுற்றுலாவாகப் போன நாட்கள் சேராது. கணவன் மனைவி இருவரும் தகுதியோடு சேர்ந்தே விண்ணப்பித்தால் ஒருவருக்கு 1. தொழில் அங்கீகாரத்தில் பகுதி நிகர் என்று தீர்ப்பு வாங்கியவருக்கு 4. முழு அங்கீகாரம் பெற்றவர் பாயிண்ட் எண்ணவே தேவையில்லை. உதாரணமாக 30 வயது சிவில் இன்ஜினியர், ஐந்து வருட அனுபவத்தோடு: வயதுக்கு 2 + அனுபவத்துக்கு 3 + பற்றாக்குறைத் தொழிலுக்கு 1 = 6. ஜெர்மன் தெரியாமலே தேறிவிடுகிறார்.

தேறுவது வேறு, வேலை கிடைப்பது வேறு. அட்டை ஒரு வருடத்துக்கு. அதுவரை வாரம் 20 மணி நேரம் ஏதாவது வேலை செய்யலாம். இரண்டு வாரச் சோதனை வேலைகளும் செய்யலாம். இந்த அட்டையை வைத்துக் குடும்பத்தை அழைத்து வர இயலாது. இந்தக் காலம் பி.ஆர்.க்கான வேலை மாதங்களிலும் சேராது. ஜெர்மன் பி1 கூட இல்லாமல், ஊரில் நல்ல வேலையை விட்டுவிட்டு இந்த அட்டையில் கிளம்புவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஊரிலிருந்தே விண்ணப்பித்து, ஒப்பந்தத்தோடு நேராக ப்ளூ கார்டில் போவது பணத்துக்கும் மனதுக்கும் நல்லது.

பிளாக்டு அக்கவுண்ட்ல எவ்வளவு போடணும்? அந்தப் பணம் திரும்பி வருமா?

பிளாக்டு அக்கவுண்ட் என்பது, செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் முடக்கப்பட்ட கணக்கு. மாணவர்களுக்கு மாதம் 992 யூரோ வீதம் வருடத்துக்கு 11,904. சான்சன்கார்ட்டெவுக்கு மாதம் 1,091 வீதம் 13,092. வேலை ஒப்பந்தத்தோடு போகிறவர்களுக்கு இது தேவையில்லை. ஜெர்மனியில் இருக்கும் உறவினர் உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்று, அங்குள்ள அலுவலகத்தில் உறுதிமொழிப் பத்திரம் கையெழுத்திட்டாலும் ஏற்பார்கள். அது சட்டப்படி அவரைக் கட்டுப்படுத்தும். ஒப்புக்குப் போடும் கையெழுத்து என்று நினைத்து யாரையும் கேட்காதீர்கள்.

பணம் உங்களுடையதுதான். போய்ச் சேர்ந்து அங்கே வங்கிக் கணக்கு திறந்ததும் மாதாமாதம் விடுவிப்பார்கள். விசா மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதத்தைக் காட்டித் திரும்பப் பெறலாம். இடையிலுள்ள வங்கிகள் பிடித்தம் செய்வதால் பத்து இருபது யூரோ குறைந்து போய்ச் சேர்வதும், அதனால் உறுதிக் கடிதம் வராமல் இரண்டு வாரம் வீணாவதும் வாடிக்கை. கொஞ்சம் கூடுதலாகவே அனுப்புங்கள்.

படிக்கப் போறேன். முடிச்சதும் அங்கேயே இருக்க முடியுமா?

முடியும். பட்டம் வாங்கியபின் வேலை தேட 18 மாத அனுமதி தருவார்கள். அந்தக் காலத்தில் எந்த வேலையும் எத்தனை மணி நேரமும் செய்யலாம். படிக்கும்போது வருடத்துக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை பார்க்கலாம். ஜெர்மன் பட்டத்தோடு வேலைக்குப் போனவருக்கு பி.ஆர். காலமும் குறைவு, கீழே சொல்கிறோம்.

இந்தியாவிலிருந்து போகும் மாணவர்களுக்கு 2022 நவம்பர் 1 முதல் ஏ.பி.எஸ். எனும் கல்வி ஆவணச் சரிபார்ப்பு மையத்தின் சான்றிதழ் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். மதிப்பெண் பட்டியல்கள் உண்மையானவையா என்று சரிபார்ப்பது அவர்கள் வேலை. சேர்க்கைக் கடிதம் வரட்டும் என்று காத்திருந்தால் பருவமே தவறிவிடும். பல்கலைக்கழகங்களே விண்ணப்பிக்கும்போது அதைக் கேட்கின்றன.

பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கு, சர்டிஃபிகேட்ல இனிஷியல் மட்டும்தான். பிரச்சினை ஆகுமா?

தமிழர்களுக்கே உரிய தலைவலி இது. பள்ளிச் சான்றிதழில் 'எஸ். முருகன்', பாஸ்போர்ட்டில் 'முருகன் சுப்பிரமணியன்', திருமணச் சான்றிதழில் வெறும் 'முருகன்' என்றிருந்தால், மூவரும் ஒருவரே என்று ஜெர்மன் அலுவலருக்குத் தானாகப் புரியாது. நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எடுத்து, இனிஷியல் தந்தை பெயரின் முதலெழுத்து என்பதை அதில் தெளிவாக எழுதி, எல்லா விண்ணப்பங்களோடும் வையுங்கள். முடிந்தால் கிளம்பும் முன்பே பாஸ்போர்ட்டில் சர்நேம் சேர்த்துவிடுவது நிரந்தரத் தீர்வு.

சேர்க்காவிட்டாலும் விசா கிடைக்கும். ஆனால் காலியாக உள்ள இடத்தை ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக நிரப்பும். வங்கியில் ஒரு பெயர், இன்சூரன்ஸில் ஒரு பெயர் என்று ஆகிவிடும். பாஸ்போர்ட்டில் உள்ள வரிசையை எங்கும் மாற்றாதீர்கள். கணவரின் பெயரைச் சேர்க்க விரும்பும் பெண்கள் திருமணப் பதிவுக்கும் விசா விண்ணப்பத்துக்கும் இடையில் பாஸ்போர்ட்டை மாற்றினால் இரண்டு பாஸ்போர்ட் நகலும் தேவைப்படும்.

போய் இறங்கினதும் முதல்ல என்ன செய்யணும்?

வீடு கிடைத்து இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு. எல்லோரும் அன்மெல்டுங் என்று சொல்வது இதைத்தான். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிப் படிவம் இல்லாமல் பதிவு நடக்காது. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது. குறுகிய கால வாடகைக்கு விடுபவர்கள் பலர் அந்தப் படிவம் தர மறுப்பார்கள். முன்பணம் கட்டும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பதிவு செய்த பிறகு வரி எண் தபாலில் வரும். அது நிறுவனத்துக்குப் போகாவிட்டால் முதல் சம்பளத்தில் ஆறாம் வரி வகுப்பின்படி மிக அதிகமாகப் பிடிப்பார்கள். பின்னால் சரிசெய்து திரும்பத் தருவார்கள் என்றாலும் முதல் மாதம் கை இறுகும். தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். வீட்டு எண் சரியாக இருந்தாலும், பெயர் இல்லாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

விசா அடுத்த மாசம் முடியுது, அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்கவே மாட்டேங்குது. என்ன ஆகும்?

பெரிய நகரங்கள் எல்லாவற்றிலும் உள்ள நிலைமை இது. சட்டம் பார்ப்பது நீங்கள் விண்ணப்பித்த தேதியை. சந்திப்பு நடந்த தேதியை அல்ல. விசா முடிவதற்கு முன் அலுவலகத்தின் இணையப் படிவத்தில் விண்ணப்பித்து, ஒப்புகையைச் சேமித்து வையுங்கள். படிவம் இல்லாத ஊரென்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். காலத்தில் விண்ணப்பித்தவரின் பழைய அனுமதி, முடிவு வரும்வரை அதன் நிபந்தனைகளோடு தொடர்வதாகக் கருதப்படும்.

இதற்கு ஆதாரமாகத் தரும் தாள் ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங். அதில் மூன்று கட்டங்கள் இருக்கும். குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவுக்கு எதிரே குறி இருந்தால் ஊருக்குப் போய்விட்டு அதே தாளோடு திரும்பலாம். 3ஆம் உட்பிரிவில் குறி இருந்தால் வெளியே போனால் திரும்ப விசா வேண்டும். டிக்கெட் போடும் முன் அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

மனைவியை எப்போ கூப்பிடலாம்? ஏ1 பாஸ் பண்ணணுமா?

ப்ளூ கார்டு, 18ஏ, 18பி வைத்திருப்பவரின் கணவனோ மனைவியோ ஏ1 தேர்வு எழுதத் தேவையில்லை. இருவரும் ஒன்றாகவே விண்ணப்பித்து ஒன்றாகவே கிளம்பவும் முடியும். வந்த நாளிலிருந்து துணைவர் எந்த வேலைக்கும் போகலாம். நீங்கள் அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்து, துணைவருக்கு வருமானம் இல்லையென்றால், அவரும் குழந்தைகளும் கூடுதல் கட்டணம் இல்லாமல் சேர்வார்கள். மாணவரின் துணைக்கு ஏ1 பொதுவாகத் தேவை. இருவர் செலவுக்கும் பணமும் காட்ட வேண்டும். வியப்பான ஒன்று: ஜெர்மன் குடியுரிமை வாங்கியபின் ஊரில் திருமணம் செய்தால், அந்தத் துணைக்கு ஏ1 வழக்கமாகக் கட்டாயம்.

இந்தியத் திருமணச் சான்றிதழில் அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஆவணம் செல்ல அரசு தரும் சான்று) முத்திரை குத்திக்கொண்டு போய்ப் பயனில்லை. இந்திய அப்போஸ்டிலை ஜெர்மனி ஏற்பதில்லை. சந்தேகம் எழுந்தால் தூதரகமே ஆள் அனுப்பி ஆவணத்தைச் சரிபார்க்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். கோயில் திருமணத்தைப் பதிவு அலுவலகத்தில் பதிந்து வாங்கிய சான்று, திருமணப் படங்கள், அழைப்பிதழ் எல்லாம் கையில் இருக்கட்டும். பதிவுத் தேதிக்கும் திருமணத் தேதிக்கும் வித்தியாசம் இருந்தால் இரண்டையும் விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள்.

அப்பா அம்மாவை நிரந்தரமா கூட்டிட்டு வரலாமா?

2024 மார்ச் 1 அல்லது அதற்குப் பிறகு முதல்முறையாக ப்ளூ கார்டு, 18ஏ, 18பி போன்ற அனுமதி பெற்றவர் பெற்றோரை அழைக்கலாம். துணைவரும் அங்கேயே நிரந்தரமாகத் தங்கியிருந்தால் மாமனார் மாமியாருக்கும் இது பொருந்தும். அந்தத் தேதிக்கு முன்பே வாங்கியவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்களுக்கு அசாதாரணக் கஷ்டம் என்று நிரூபிக்கும் பழைய, மிகக் கடினமான வழிதான்.

சட்டம் திறந்த கதவைப் பெரும்பாலும் காப்பீடு அடைத்துவிடுகிறது. மேலே சொன்ன இலவசக் குடும்பக் காப்பீட்டில் பெற்றோர் சேர மாட்டார்கள். வயதானவர்களை, அதுவும் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களை, முழுமையான தனியார் காப்பீட்டில் சேர்ப்பது கடினம். சேர்த்தாலும் மாதக் கட்டணம் கனக்கும். சுற்றுலாக் காப்பீட்டை நீண்ட கால அனுமதிக்கு ஏற்பதில்லை. ஆகவே முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்குங்கள். மற்ற ஆவணங்களைப் பிறகு தொடங்கலாம்.

வேலை போயிடுச்சு. உடனே நாட்டை விட்டுக் கிளம்பணுமா?

உடனே இல்லை. ஆனால் சில கெடுக்கள் வேகமாக ஓடத் தொடங்கும். வேலை முடியப்போவது தெரிந்த மூன்று நாளுக்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியுங்கள். தாமதித்தால் ஒரு வார உதவித்தொகை போகும். வேலை முன்னதாகவே முடிகிறது என்று தெரிந்த இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். நிறுவனம் தனியாகத் தெரிவிக்கும். அதை நம்பி நீங்கள் சும்மா இருக்கக் கூடாது. பிறகு புது வேலை தேட அலுவலகம் அவகாசம் தரும். அது பொதுவாக மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை.

கடந்த 30 மாதத்தில் 12 மாதம் காப்பீட்டுத் தொகை கட்டியிருந்தால் வேலையின்மைப் பணம் கிடைக்கும். அது நீங்கள் கட்டியதன் பலன். வாங்குவதால் அனுமதிக்குக் கெடுதல் இல்லை. வரிப்பணத்திலிருந்து தரும் அடிப்படை உதவித்தொகை வேறு, அதை வாங்குவது அனுமதியைப் பாதிக்கும். நீங்களாகவே ராஜினாமா செய்தால் வேலையின்மைப் பணம் 12 வாரம் வரை நிறுத்தப்படலாம். நிறுவனம் நீட்டும் பரஸ்பர விலகல் ஒப்பந்தத்திலும் அதே ஆபத்து இருப்பதால் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம்.

நீங்களே வேலை மாறுவதானால், ப்ளூ கார்டில் முதல் 12 மாதம் அலுவலகத்துக்குத் தெரிவித்தால் போதும். அவர்கள் 30 நாள் வரை நிறுத்திவைத்துப் பரிசீலிக்கலாம். அதற்குப் பின் அந்தக் கட்டுப்பாடும் இல்லை. 18ஏ, 18பி அட்டையில் நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருந்தால், முன் அனுமதி வாங்காமல் புது இடத்தில் சேர்ந்துவிடாதீர்கள்.

பி.ஆர். எத்தனை வருஷத்துல கிடைக்கும்?

ப்ளூ கார்டில் 27 மாதம், ஏ1 ஜெர்மனோடு. பி1 இருந்தால் 21 மாதம். 18ஏ, 18பி வைத்திருப்பவருக்கு மூன்று வருடம். ஜெர்மனியிலேயே பட்டமோ தொழிற்பயிற்சியோ முடித்தவருக்கு இரண்டு வருடம். இவர்களுக்கு பி1 வேண்டும். மற்ற பெரும்பாலான அனுமதிகளுக்கு ஐந்து வருடம். இந்த மாதங்களுக்கு ஓய்வூதியக் காப்பீட்டுத் தொகை கட்டியிருக்க வேண்டும். அதன் விவர அறிக்கையை ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே வாங்கிச் சரிபாருங்கள். நிறுவனம் மாறிய இடத்தில் ஒரு மாதம் விடுபட்டிருப்பது அதில்தான் தெரியும்.

ஜெர்மனியின் சட்டம், சமூகம் பற்றிய 'லேபன் இன் டொய்ச்லாண்ட்' தேர்வும் எழுத வேண்டும்: 33 கேள்விகள், ஒரு மணி நேரம். பி.ஆர்.க்கு 15 சரியாக இருந்தால் போதும், குடியுரிமைக்கு 17. கேள்விகள் முழுவதும் முன்பே வெளியிடப்பட்டவை. ஒரே முயற்சியில் 17 எடுத்துவிட்டால் பின்னால் மறுபடி எழுத வேண்டியதில்லை.

ஊர்ல அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. ஏழு மாசம் இருந்துட்டு வந்தா அட்டை செல்லுமா?

பெரும்பாலான அனுமதிகள் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தாமாகவே ரத்தாகிவிடும். அட்டையில் தேதி பாக்கி இருப்பது உதவாது. சாதாரண பி.ஆர்.க்கும் இதே விதி. ப்ளூ கார்டு வைத்திருப்பவருக்கு 12 மாதம். மற்றவர்கள் கிளம்புவதற்கு முன் அலுவலகத்துக்கு எழுதி, மருத்துவச் சான்று இணைத்து, நீண்ட கெடு கேட்கலாம். ஆறு மாதம் முடிவதற்குள் அனுமதி எழுத்தில் வந்திருக்க வேண்டும்.

ஆறு மாதம் என்ற எண்ணை மட்டும் நம்பி வீட்டைக் காலி செய்து, முகவரிப் பதிவை நீக்கி, வேலையையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். திரும்பும் எண்ணமே இல்லாமல் போய்விட்டதாகக் கருதப்பட்டால் முதல் நாளிலேயே அனுமதி போய்விடும்.

சிட்டிசன்ஷிப் வாங்கினா இந்தியப் பாஸ்போர்ட்டையும் வெச்சுக்கலாமா?

ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. இந்தியா ஏற்பதில்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற கணமே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்கி, பிறகு ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் பயணம் செய்தால் அபராதம் உண்டு. இலங்கையர்கள் தங்கள் அரசிடம் விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை பெற வழி இருக்கிறது.

ஜெர்மன் குடியுரிமைக்கு அங்கே சட்டப்படி ஐந்து வருடம் தங்கியிருக்க வேண்டும். பி1 மொழி, சொந்த வருமானம், பி.ஆர். பதிலில் சொன்ன தேர்வு ஆகியவையும் தேவை. கட்டணம் 255 யூரோ. மாணவராக இருந்த வருடங்களும் இந்த ஐந்தில் சேரும், ஆனால் விண்ணப்பிக்கும்போது கையில் இருப்பது மாணவர் அனுமதியாக இருக்கக் கூடாது. மூன்று வருடத்தில் கிடைக்கும் என்று பழைய வீடியோக்களில் சொல்வதை நம்பாதீர்கள். அந்தச் சலுகை 2025 அக்டோபர் இறுதியில் நீக்கப்பட்டது. பல நகரங்களில் முடிவு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மூன்று மாதமாக எந்தக் காரணமும் சொல்லாமல் விண்ணப்பம் கிடந்தால் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடரச் சட்டம் இடம் தருகிறது.

இந்தியக் கம்பெனிக்கே ரிமோட்டா வேலை பார்த்துட்டு ஜெர்மனில இருக்கலாமா? ரிட்டயர் ஆனவங்க?

டிஜிட்டல் நோமாட் விசா என்று ஜெர்மனியில் ஒன்றும் இல்லை. ஃப்ரீலான்ஸ் அனுமதி உண்டு. அதற்கு வாடிக்கையாளர்களிடமிருந்து கடிதங்கள், வருமானத் திட்டம், காப்பீடு காட்ட வேண்டும்; 45 வயது தாண்டியவர் ஓய்வூதிய ஏற்பாடும் காட்ட வேண்டும். ஒரே இந்திய நிறுவனத்திடம் மாதச் சம்பளம் வாங்குபவர் இதில் பொருந்த மாட்டார். ஓய்வு பெற்றவர்களுக்குத் தனி விசா வகையும் இல்லை.

விசா ரிஜெக்ட் ஆயிடுச்சு. அப்பீல் பண்ணலாமா?

தூதரகத்துக்கே கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கும் இலவச முறை 2025 ஜூலை 1 முதல் உலகம் முழுவதும் நிறுத்தப்பட்டது. ஏஜென்ட்கள் சிலர் இன்னும் அதற்குப் பணம் வாங்குகிறார்கள், கொடுக்காதீர்கள். இப்போது இரண்டே வழிகள்: பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு அல்லது புது விண்ணப்பம். வழக்குக்கான கெடு மறுப்புக் கடிதத்திலேயே இருக்கும், வழக்கமாக ஒரு மாதம். ஆவணம் குறைந்ததால் மறுத்திருந்தால் அதைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே வேகமானது. பட்டமும் வேலையும் பொருந்தவில்லை என்று ப்ளூ கார்டு மறுக்கப்பட்டிருந்தால், அதே ஒப்பந்தத்தோடு 18பி கேட்க முடியுமா என்று பாருங்கள்.

அவசரம் உள்ள நிறுவனம் 411 யூரோ கட்டி, ஜெர்மனியிலுள்ள அலுவலகம் வழியாக விரைவு நடைமுறையைத் தொடங்கலாம். பட்ட ஒப்பீடும் வேலைவாய்ப்பு அலுவலக ஒப்புதலும் அங்கேயே முடிந்து முன்-ஒப்புதல் கடிதம் வரும். அதைக் காட்டினால் மூன்று வாரத்துக்குள் விசா சந்திப்பு, பிறகு பொதுவாக மூன்று வாரத்துக்குள் முடிவு. இதை விண்ணப்பதாரர் தனியாகத் தொடங்க முடியாது. நிறுவனத்துக்கு அவர் தரும் அதிகாரப் பத்திரம் வேண்டும்.

அனுபவச் சான்றோ மதிப்பெண் பட்டியலோ போலியானது என்று கண்டுபிடிக்கப்பட்டால் மட்டும் புது விண்ணப்பம் எளிதாக உதவாது. நீங்களே செய்யாமல் ஏஜென்ட் செய்திருந்தாலும் கையெழுத்து உங்களுடையது. அனுப்பும் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே படித்துப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.